ஒளி வராத நான்கு நாட்கள்

அன்பே அணிகலனாய், அமைதியே ஆபரணமாய்க் கொண்ட எங்கள் ஐயா! மருத்துவமனை வலி நீக்கும் பிரிவின் கடைசி அறையில் இருபத்தாறு ஆண்டுகள் லேசர்க் கருவியோடு நின்று, இன்று பணி ஓய்வு பெறும் பெருந்தகையே! இம்மடலை வாசிக்கும் குரல் இடையில் தடுமாறினால் பொறுத்தருளுங்கள்.

முகநரம்பு வலியோடு வருபவரை ஊர் எளிதில் நம்பாது. காயமில்லை, வீக்கமில்லை, ஆனால் காற்றுப் பட்டாலே கன்னத்தில் மின்னல் வெட்டும். நீங்கள் நம்பினீர்கள். அவர்கள் உள்ளே வருமுன் மின்விசிறியை நிறுத்தினீர்கள். வாய் திறக்க வேண்டாம், விரல் காட்டினால் போதும் என்றீர்கள். சுடாத, கண்ணுக்கும் தெரியாத அந்த மெல்லொளியை நரம்பின் வழியே புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, “கொறையலாம்மா, கொறையாமலும் போகலாம். பார்ப்போம்” என்பீர்கள். ஐயா தம் கல்யாணப் பத்திரிகையில்கூட ‘நடக்கலாம்’ என்றுதான் அச்சடித்திருப்பார் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம்.

பாராட்டு மடலில் பிழையைச் சொல்வது வழக்கமில்லை. ஆனால் நீங்கள் மறைக்காததை நாங்கள் மறைப்பது முறையன்று.

உங்கள் துணைவியார் இறுதிப் படுக்கையில் கிடந்த வாரம் அது. காலைதோறும் கருவியின் ஒளியை அளந்து பார்க்கும் நீங்கள், நான்கு நாள் அளக்கத் தவறினீர்கள். ஐந்தாம் நாள் அளவுமானி அசையவில்லை. வாரத் தொடக்கத்திலேயே கருவி பழுதாகி ஒளி நின்றுவிட்டது என்றார் பழுது பார்த்தவர். அந்த நான்கு நாள் சிகிச்சையில்தான் தையற்கார அம்மா ஒருவர் ஏழு மாதத்துக்குப் பின் வலியின்றி மென்று சாப்பிட்டிருந்தார்.

“சொல்லாதீங்க ஐயா. இப்பதான் அந்தம்மா வாய் திறந்து சாப்பிடுறாங்க” என்று தலைமைச் செவிலியர் கெஞ்சினார். நாங்கள் எல்லோரும் அவர் பக்கம்.

“வலி அவங்களோடது. அதப் பத்தின உண்மையும் அவங்களோடதுதானே” என்றீர்கள். போய்ச் சொன்னீர்கள்.

மறுநாளே வலி திரும்பியது. உங்கள் சொல்லால் திரும்பியதா, தானாகவா, மருத்துவருக்கும் தெரியவில்லை. சரிசெய்த கருவியோடு பன்னிரண்டு நாள் பாடுபட்டீர்கள், ஓரளவே தணிந்தது. அந்நாட்களில் நாங்கள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மனைவியை இழந்து வந்து நின்ற மனிதரிடம் அப்படி நடந்துகொண்டோம். இன்று தலை குனிகிறோம்.

மருத்துவர் நரம்பு அறுவைக்கு நாள் குறித்ததும், அந்த அம்மா சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாமல் உங்கள் அறைக்கே வந்தார். “நான் நல்லாயிட்டேன்னு சந்தோஷப்பட்டப்பகூட நீங்க மறைக்கல. இதப் பண்ணிக்கலாமா, நீங்களே சொல்லுங்க.” வலி போகலாம், கன்னம் மரத்தும் போகலாம் என்றீர்கள். இரண்டும் நடந்தன. இன்று அவர் தைக்கிறார், சாப்பிடுகிறார். மகள் கன்னத்தைத் தொட்டால் மட்டும் தெரிவதில்லை. தெரிந்தேதான் சம்மதித்தேன் என்கிறார்; உங்கள்மேல் அவருக்கு மனத்தாங்கல் இல்லை.

ஆளற்ற வீட்டுக்குத் திரும்பும் உங்களுக்கு இறைவன் நோயற்ற நெடுநாளும் நிம்மதியான உறக்கமும் அருளட்டும்.

நாளைக் காலை யாரோ ஒருவர் கன்னத்தைப் பொத்தியபடி வந்து, ஐயா இருக்கிறாரா என்று சைகையில் கேட்பார். இதோ வந்துவிடுவார் என்று சொல்லத்தான் எங்கள் நாக்கு துடிக்கும். இல்லை என்றே சொல்வோம், ஐயா.

கலங்கிய கண்களுடன்,
வலி நீக்கும் பிரிவின் ஊழியர்கள்