என்ற பேருல ஒரு ஊடு

சித்தூரிலிருந்து வேலந்தாவளம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் புருஷன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவள் பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் தேய்த்தபடி இளையவளிடம் சொன்னாள்:

“எனக்கொரு ஊடு இருந்துச்சு அம்மிணி. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இன்னிக்கே வித்துப்போட்டேன்.”

“நீங்க குடியிருக்கற ஊட்டையாங்க்கா?”

“அதேதான். வாங்கறப்பவே என்ற பேருல எழுதிட்டாராம். அவரு பேருல இருந்தா வருமான வரிக்காரங்க நோண்டுவாங்கன்னு வக்கீல் சொன்னாராம்.”

“உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

“எங்க சொன்னாரு? கொழம்புல உப்பு கூடுனாக்கூட, ‘எம்பட ஊட்ட உட்டு வெளிய போடி’ம்பாரு. நானும் போயி மாட்டுக் கொட்டாயில படுத்துக்குவேன். அந்தக் கொட்டாயும் என்ற பேருலதானாம்.”

“அப்பறம் எப்படீங்க்கா தெரிஞ்சுது?”

“ரிஜிஸ்தர் ஆபீசுல ஆபீசர் மலையாளத்துல கேட்டாரு, ‘நிங்ஙளுடெ வீடு விக்கான் சம்மதமாணோ’ன்னு. ‘என்ற ஊடுங்களா?’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சேந்து சிரிச்சாரு.”

இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

“சம்மதமில்லைன்னு சொல்லியிருக்கலாமுங்களே?”

மூத்தவள் டிரைவர் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். சொன்னா ஊட்ட உட்டுத் தொரத்திப்போடுவாரேன்னு பயந்துட்டேன் அம்மிணி.”