ஒவ்வொரு வரியும் மூன்று முறை

— அதை உடைச்சு என்ன பிரயோஜனம் அண்ணே? அது வெறும் திரை. நீங்க சொல்ற பக்கம் அதுக்குள்ள இல்ல.

— அப்ப எதுக்குள்ள இருக்கு? இதுக்குள்ளயா?

— ஐயோ, வேணாம்! கண்ணாடி தெறிக்குது... ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க.

— ரெண்டு போச்சு. இன்னும் நாலு கம்ப்யூட்டர் இருக்கு. நாள் முழுக்கப் பட்டறையில இரும்பை அடிக்கிறவன் நான், டீச்சரம்மா. இந்தச் சுத்தியல் தூக்க எனக்குக் கை வலிக்காது. சொல்லு. என் பொண்டாட்டி எழுதின காகிதம் எங்க?

— காகிதம் அவங்ககிட்டயே இருக்கு. நான் அதைப் போட்டோ எடுத்து இணையத்துல ஏத்தினேன். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவங்க பொதுவா வச்சிருக்கிற தளம் அது. பயிற்சித்தாள், படம், வீடியோ எல்லாம் இலவசமா எடுத்துக்கலாம். அதுல பெரியவங்களுக்கு ஏத்த பாடம்தான் கம்மி. அம்பது வயசு ஆளை உக்கார வச்சு அணில், ஆடுன்னு படிக்கச் சொன்னா கூச்சப்படுவாங்க. அதனால நம்ம ஆளுங்க சொந்தமா எழுதினதையே பாடமா போட்டேன். பேரை எடுத்துட்டுதான் போட்டேன். ரெண்டு தடவை சரிபாத்தேன்.

— பேரை எடுத்துட்டுப் போட்டாளாம்! எங்க பட்டறைக்கு வாரத்துல ரெண்டு நாள் ஒரு மேடம் வந்து பாடம் நடத்துது. போன செவ்வாய்க்கிழமை ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துச்சு. 'என் கை'ன்னு தலைப்பு. பக்கத்துல இருந்தவன் எழுந்து நின்னு சத்தமா படிச்சான். வலது கையில காய்ச்சின கம்பியை வச்சது, பென்சில் பிடிக்க முடியாம இடது கையால எழுதப் பழகினது, ஒண்ணு விடாம இருக்கு. நம்ம பயலுக என்ன சொன்னானுங்க தெரியுமா? இந்தப் புருசன் மட்டும் கையில கிடைச்சா தோலை உரிச்சிடலாம்டான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றானுங்க. நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினேன்.

— கம்பிங்கற வார்த்தையை நான் எடுத்திருக்கணுமோ என்னவோ. எடுத்தா அது அவங்க எழுதினதா இருக்காதேன்னு விட்டுட்டேன். தப்புதான்னு தோணுது.

— கீழ கேள்வி வேற. கணவன் செய்தது சரியா, இரண்டு வரியில் எழுதுக.

— அந்தக் கேள்வி நான் போடல, அண்ணே. அந்த மேடம் சேர்த்திருப்பாங்க. யார் வேணும்னாலும் எடுத்து மாத்திக்கலாம்.

— அழி.

— என் பக்கத்துல இருக்கிறதை அழிக்கிறேன். ஆனா எழுபது பேருக்கு மேல ஏற்கெனவே எடுத்துட்டாங்க. அவங்க அச்சடிச்சதை நான் எப்படி...

— கையை மேசை மேல வை.

— எதுக்கு?

— வையின்னா வை. எந்தக் கையால எழுதுவே?

— வலது.

— அப்ப இடதை வை. எழுதற கை இருக்கட்டும், அழிக்கிறதுக்கு வேணும்.

— அண்ணே, வேணாம், சத்தியமா வேணாம்... அம்மா!

— கத்தாதே. ஒரு விரலுதான். இன்னும் ஒம்பது இருக்கு. அவ எங்க?

— தெரியாது. மூணு வாரமா வர்றதில்ல. இன்னைக்கு வகுப்பே லீவு. நான் தனியாத்தான் இருக்கேன்.

— உன் வீட்டுலயா வச்சிருக்கே?

— நான் இருக்கிறது ஒத்தை ரூம். போய்ப் பாத்துக்கோங்க. விரல்... விரல் தொங்குது அண்ணே. துணி ஏதாவது கட்டிக்கிறேன்.

— கட்டிக்க. கட்டிக்கிட்டே அந்தச் சனியனை மொத்தமா மூடு. அது இருந்தாத்தானே எல்லாரும் படிக்கிறான்?

— அது என்னோடது இல்ல. அதுல என் வீடியோ முப்பத்தாறு இருக்கு. என்னால எடுக்க முடிஞ்சது அவ்வளவுதான். அதை மட்டும் விட்டுடுங்களேன்.

— உசுரு போற நேரத்துல என்ன வீடியோ?

— ஒருத்தர் அதை வச்சே எழுத்துக் கத்துக்கிறார். ஆள் யாருன்னு தெரியாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழ ஏதாவது எழுதுவார். முதல்ல ஒத்தை எழுத்து, அப்புறம் ஒரு வார்த்தை. போன மாசம் ஒரு முழு வாக்கியம். 'இன்று பேருந்துப் பலகையை நானே படித்தேன்'னு. நான் சொல்லிக்கொடுக்கிறது யாருக்காவது ஏறுதான்னு எனக்கே சந்தேகம் வரும். அப்பல்லாம் அதை எடுத்துப் பாத்துப்பேன்.

— ம்.

— டீச்சர் கண்ணு! என்னத்தை உருட்டுறே உள்ள? கதவைத் தொற!

— யாருடி அது?

— கூட்டித் துடைக்கிற அக்கா. நம்ம வகுப்புலயே படிக்கிறாங்க. திறக்கலன்னா தெருவையே கூட்டிடுவாங்க அண்ணே.

— திற. கையைப் பின்னால மறைச்சுக்க. சிரிச்ச முகமா இரு.

— என்ன கண்ணு, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது? இந்தத் தம்பி யாரு?

— கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்திருக்கார், அக்கா.

— சுத்தியல் வச்சா ரிப்பேரு? நல்லா இருக்கே! இவரு இன்னும் ரெண்டு நாள் வந்தா நாமெல்லாம் சிலேட்டுக்குத்தான் திரும்பணும்.

— வந்த வேலையப் பாத்துட்டு நடையக் கட்டு. வாய் நீளுது.

— வாயும் இல்லன்னா என் பொழப்பு என்னத்துக்கு ஆகும் தம்பி? கண்ணு, ஜன்னலைச் சாத்தவா? பின்வாசல் பக்கம், பஸ் ஸ்டாண்டுல ஒரே புகை. ஏழு மணி பஸ்ஸு அத்தனையும் இன்ஜினைப் போட்டு உறுமிக்கிட்டு நிக்குது.

— ஏழாக எவ்வளவு இருக்குக்கா?

— அஞ்சு, ஆறு நிமிஷம் இருக்கும்.

— அக்கா, நாளைப் பாடத்தைப் போர்டுல எழுதிடறேன். பாத்துட்டுப் போங்க. சத்தமா வேணாம், மனசுக்குள்ளயே படிங்க.

— என்ன எழுதறே?

— பாடம்தான் அண்ணே. மழை பெய்கிறது. குடை எங்கே? கதவுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த மாதிரி. அக்கா, புரியுதா?

— இரு கண்ணு, ரெண்டாவது வரியில நின்னுட்டேன்... ம். புரியுது.

— கடைசி வரி?

— அதுவும் புரியுது. உன் கையில என்ன துணி?

— கண்ணாடி கீறிடுச்சு. பாடத்துல இருக்கிறதை அப்படியே செஞ்சு பாருங்க. அதுதான் வீட்டுப்பாடம். போங்கக்கா.

— செய்யறேன். நீ... நீ பத்திரமா இரு கண்ணு.

— தாழ்ப்பாளைப் போடு. சரி. போர்டை எதுக்கு அழிக்கப் போறே?

— அக்கா படிச்சுட்டாங்களே, அதான்.

— டஸ்டரைக் கீழ போடு. நான் இன்னும் படிக்கல.

— நீங்களா?

— 'அவருக்கு எழுத்துத் தெரியாது, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்'னு அந்தத் தாள்ல எழுதியிருக்காளே. அதை நம்பித்தானே என் கண்ணு முன்னாலயே எழுதினே? அது அவ வீட்டை விட்டுப் போன புதுசுல எழுதினது, டீச்சரம்மா. எட்டு மாசம் ஆச்சு.

— அந்த மேடம் சொல்லிக்கொடுத்தாங்களா?

— 'முதல்ல தனித்தனியா, அப்புறம் சேர்த்து.' யாரு சொல்றது இது? முப்பத்தாறையும் பாத்துட்டேன். பேருந்துப் பலகையைப் படிச்சது நான்தான்.

— இல்ல. நீங்க இல்ல.

— ஏன், நான் நன்றி சொல்லக் கூடாதா? நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கிறே, சந்தேகமே படாதே. பட்டறையில எழுந்து நின்னு சத்தமா படிச்சது பக்கத்துல இருந்தவன் இல்ல. என்னைத்தான் அந்த மேடம் எழுப்புச்சு. வகுப்பிலேயே நான்தான் நல்லாப் படிக்கிறவனாம். என் பொண்டாட்டி என்னைப் பத்தி எழுதினதை நானே முப்பது பேருக்குப் படிச்சுக் காட்டினேன்.

— அண்ணே...

— நகராதே. நகர்ந்தா வலது கையும் போயிடும். 'எ... ன்... வி...' என்ன இது, எறும்பு ஊர்ந்த மாதிரி? வீடியோவுல பெருசு பெருசா எழுதுவியே? 'என் வீட்டை...'

— நிறுத்துங்க. வீடு இல்ல. எழுதியிருக்கிறதைப் படிங்க, மனசுல நினைக்கிறதைப் படிக்காதீங்க. முதல்ல இருந்து.

— 'என்... வி... ர... லை... உடை... உடைத்து... விட்டார்.' ஓ. கோள் மூட்டியாச்சா?

— மூணு தடவை.

— என்னது?

— ஒவ்வொரு வரியும் மூணு தடவை. பத்தாவது வீடியோவுல சொன்னேனே. அதை விட்டவங்க யாரும் தேறினது இல்ல.

— விளையாடறியா என்கிட்ட?

— இவ்வளவு தூரம் தனியாக் கத்துக்கிட்டு வந்தவர் நீங்க. சரியாப் படிச்சீங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரிய வேணாமா? நான் தானே சொல்லணும்?

— 'என் விரலை உடைத்துவிட்டார். என்... விரலை உடைத்துவிட்டார்.' போதுமா?

— சரி. அடுத்த வரி.

— 'இவர்... தான்... அவ... ளு... டைய... க... கண... வர்.' 'இவர்தான் அவளுடைய கணவர்.'

— இன்னும் ஒரு தடவை. இழுக்காம, சேர்த்துப் படிங்க.

— 'இவர்தான் அவளுடைய கணவர்.' ஆமாண்டி, நான்தான்! அதுக்கு என்ன இப்ப?

— ஆ! கன்னத்துல அடிச்சா வரி மாறாது அண்ணே. மூணாவது இருக்கு. விரலை வச்சுக்கிட்டுப் படிங்க.

— 'தாள்... அறை... க்... கத... வை...' தாள் அறைன்னா? பேப்பர் அடுக்கி வைக்கிற ரூமா?

— பாதி வரியில கேள்வி கேட்கக் கூடாது. முடிங்க.

— 'தாள் அறைக் கதவைத்... திற... ந்து... அவளை...' இங்கயா? இவ்வளவு நேரமும் அவ இந்தக் கட்டடத்துக்குள்ளயா இருந்தா?

— வரி இன்னும் முடியல. திரும்ப முதல்ல இருந்து.

— 'தாள் அறைக் கதவைத் திறந்து அவளைப்... பின்... வாச... லால்... கூட்டி... ப்... போங்கள்.' எங்கடி அந்த அறை? அந்தப் பொம்பளை எந்தப் பக்கம் போனா?

— நாலாவது வரியில இருக்கு. அதைப் படிக்காம எந்தப் பக்கம் ஓடுவீங்க?

— 'ஏழு... மணி... பஸ்... ஏதா... ஏதாவது... ஒன்... றில்... ஏற்றி... விடு... ங்கள்.' எந்த பஸ்ஸு? ஏய், எந்த பஸ்ஸுன்னு எழுதலையே!

— எழுதல. எனக்கும் தெரியாது, விரல் ஒவ்வொண்ணா எடுத்தாலும் தெரியாது. நீங்க படிச்சதுல ஒரு பிழையும் இல்ல, அண்ணே. வேகம்தான் இன்னும் பத்தல. மணி ஏழு தாண்டிடுச்சு, பஸ் எல்லாம் கிளம்பியாச்சு.