புளியங்கொட்டை ஜீப்

மைதாப் பசையில் ஒட்டிய புளியங்கொட்டை மலைப்பனிக்குத் தாக்குப்பிடிக்காது. இதை நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடந்ததை எழுதித் தருமாறு காவல் ஆய்வாளர் ஐயா அவர்கள் கேட்டதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ராஜாக்கண்ணு ஆகிய நான் ஆலங்காயத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, புதூர்நாட்டு மேட்டில் உள்ள கலையகத்துக்கு நிர்வாகியாக வந்தவன். லாப நோக்கமில்லாத நிறுவனம். வெளியூர்க் கலைஞர்கள் சில மாதம் தங்கி, ஊர் மக்களோடு சேர்ந்து ஏதாவது செய்வார்கள். என்ன செய்தார்கள் என்பதை ஊர் மக்களுக்கு நான் விளக்குவேன். விளக்கி விளக்கி எனக்கே அது பிடிபட்டுவிட்டது.

இந்த எண்பத்து நான்காம் வருஷம் சென்னையிலிருந்து ஆதிநாராயணன் வந்தார். கலையகத்து ஜீப்பையே கலைப்படைப்பாக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் மேட்டில் வேறு வண்டி கிடையாது. அதன் கதவில் வெள்ளை எழுத்தில் 'மலைமக்கள் சேவைக்காக' என்று எழுதியிருக்கும். புளி அடித்து ஒதுக்கிய கொட்டைகளைப் பெண்கள் கொண்டுவந்து வண்டி முழுக்க ஒட்டினார்கள். கதவு வேலை அம்சவல்லியுடையது. வெள்ளை எழுத்து இடுக்கில் தெரியாதபடி நெருக்கி ஒட்ட அவளுக்குத்தான் வந்தது. நிறைமாதம் என்பதால் முக்காலி போட்டுக் கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளவும்.

"எங்க வூட்டுச் சொவுத்துக்கு மண்ணு பூச ஆளில்ல, ஜீப்புக்கு ஒட்டியாணம் கட்டிகினு கீறேன்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கலையகத்தின் அறங்காவலர்கள் ஜீப்பைப் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள், உச்சி வெயிலில், அவள் புருஷன் சடையன் ஓடி வந்தான்.

"கொயந்த கால் முன்ன வந்துகினு கீதுங்க. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். வண்டிய எடுங்க சாமி."

அது இப்போது வண்டி அல்ல என்று பொறுமையாகச் சொன்னேன். பின்னாலேயே வந்த அவன் தாய் மங்கம்மாள் கேட்டாள்: "கொட்டைய ஒட்டிட்டா வண்டி இல்லாம இன்னா, தேராய்யா? தேராவே இருந்துட்டுப் போவட்டும், இழுத்துகினு போறோம்."

எனக்கு ஆச்சரியம் தந்தவர் ஆதிநாராயணன்தான். "கொட்டை போனா போவட்டும் சார், சாவியைக் குடுங்க, நானே ஓட்டுறேன்" என்று கை நீட்டினார். கலைஞர்கள் உணர்ச்சிவசப்படுவது இயல்பு. படைப்பைப் படைத்தவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டிய சமயமும் வரும். நிர்வாகி என்று ஒருவனை வைப்பது அதற்குத்தான். மலைப்பாதையின் முதல் பள்ளத்திலேயே பாதிக் கொட்டை உதிர்ந்துவிடும்.

சாவியைக் காணவில்லை என்றேன்.

எல்லோரும் தேடினார்கள். மேசை, அலமாரி, அரிசிப் பானை என்று நானும் தேடினேன். மங்கம்மாள் முற்றத்து மண்ணைக் கையால் துழாவினாள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. சடையன் ஜீப் கதவில் ஓங்கி அறைந்துவிட்டு ஓடினான். அறைந்த இடத்தில் ஒரு பிடி கொட்டை உதிர்ந்தது. நான் அவனைக் கோபிக்கவில்லை.

மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி அவளைத் தூக்கிக்கொண்டு குறுக்குப்பாதையில் இறங்கினார்கள். கம்பளி கலையகத்துடையது, தயங்காமல் கொடுத்தேன். பாதி இறக்கத்திலேயே முடிந்துவிட்டதாகப் பொழுது சாய்வதற்குள் தகவல் வந்தது. குழந்தையும்.

மறுநாள் அறங்காவலர்கள் நெகிழ்ந்து போனார்கள். 'ஓட்டத்தைத் துறந்த வாகனம்' என்று ஒருவர் பேசினார். ஓர் அம்மையார் கண் கலங்கினார். அம்சவல்லிக்காக ஜீப்பின் முன் அனைவரையும் மௌனமாக நிற்க வைத்தேன். அது என் ஏற்பாடு.

அவர்கள் புறப்பட்டதும் சாவியை அதன் ஆணியில் மாட்டினேன். எந்தப் பொருளையும் அதனதன் இடத்தில் வைப்பது என் வழக்கம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆதிநாராயணன் தங்களிடம் வந்திருக்கிறார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஜீப்பைச் சாட்சிப் பொருளாக எடுத்துச் செல்வதானால், ஓட்ட வேண்டாம். ஆள் வைத்து மெதுவாகத் தள்ளச் சொல்லவும். சடையன் அறைந்த இடத்தில் இப்போது 'சேவை' என்ற எழுத்து மட்டும் வெளியே தெரிகிறது, பார்க்க நன்றாயில்லை. வேறு பெண்களை ஒட்ட வைத்துப் பார்த்தேன், வெள்ளை மறையவில்லை. நேற்றுக்கூட அம்சவல்லியைக் கூட்டிவர ஆள் அனுப்பலாம் என்று எழுந்தேன். வாசல்வரை போன பிறகுதான் ஞாபகம் வந்தது.