ஒம்பது கிலோமீட்டருக்கான உடம்பு

இல்லல்ல, பெஞ்சு வேண்டாம் டாக்டரம்மா, நான் இங்கேயே நிக்கிறேன். உள்ள அவருக்கு ஒயர் ஒட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷமா? அதுக்கு மேலயே ஆகும். நெஞ்சுல முடி ஜாஸ்தி அவருக்கு, நர்ஸ் பொண்ணு பாவம், வழிச்சுத்தான் ஒட்டணும். சரி, என்ன கேட்டீங்க?

உடம்பா? உடம்புக்கென்ன, ஜம்முனு இருக்காரு. ஆறு மாசத்துக்கு முன்னாடி அடைப்புன்னு உங்க ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்த மனுஷன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இன்னிக்கு உள்ள அந்தச் சைக்கிள் மெஷினை மிதிச்சுக் காட்டிட்டாருன்னா நீங்க பேப்பர்ல கையெழுத்துப் போடுவீங்க, திங்கக்கிழமை பழையபடி வேலைக்குப் போவாரு. அவ்வளவுதானே?

பம்ப் ஹவுஸ்லங்க. காலையில அஞ்சு மணிக்கு அவரு வால்வு திறந்தாத்தான் பாதி ஊருக்குக் குழாயில தண்ணி வரும். அந்த நேரத்துல பஸ் ஏது? வீட்டுலேர்ந்து ஒம்பது கிலோமீட்டர், சைக்கிள்தான். முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் லேட் கிடையாது. அங்க அவருக்குப் பேரே அலாரம். எங்க பொண்ணு பொறந்த அன்னிக்குக்கூட வால்வைத் திறந்து விட்டுட்டுத்தான் குழந்தை மூஞ்சியப் பார்க்க வந்தாரு. அதை நான் இன்னிவரைக்கும் மறக்கல, அது வேற கதை.

நாலு மாசமா உடம்பைத் தயார் பண்றாரு. மூணே முக்காலுக்கு எழுந்திருப்பாரு. ஒரு சொம்பு வெந்நீர். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலைப் பின்னாடி மடக்கி நின்னு இருபது எண்ணுவாரு, அடுத்த காலுக்கு இன்னொரு இருபது. முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு, கணுக்காலை இப்படியும் அப்படியும் சுத்துவாரு. இங்க குடுத்த பேப்பர்ல ஒரு பொம்மை போட்டிருக்கே, அது என்னென்ன செய்யுதோ அத்தனையும் செய்வாரு. அந்தப் பொம்மைக்குத் தொந்தி இல்ல, இவருக்கு இருந்துச்சு. இப்ப இவருக்கும் இல்ல. அப்புறம் அரை வாழைப்பழம். முழுசாத் தின்னா மேட்டுல எதுக்களிக்குமாம், ஒண்ணுமே தின்னலன்னா கண்ணு இருட்டுமாம். அதனால அரை. மீதி அரை என் வாயில. பொழுது விடியறதுக்கு முன்னாடி யாருக்குங்க வாழைப்பழம் இறங்கும்?

ஒரே நாள்ல ஒம்பது கிலோமீட்டர் போயிடலங்க. முதல் மாசம் தெருவையே சுத்திச் சுத்தி வந்தாரு. ரெண்டாவது மாசம் பள்ளிக்கூடம் வரைக்கும். மூணாவது மாசம் பாலம். இப்ப பம்ப் ஹவுஸ் கேட்டைத் தொட்டுட்டுத் திரும்பி வர்றாரு. ஒரே மிதியில போனேன்டீம்பாரு. சின்னப் பிள்ளை மார்க்கு வாங்கிட்டு வந்த மாதிரி முகம் இருக்கும்.

நெஞ்சுவலியா? இல்லங்க. மூச்சு வாங்கறதும் இல்ல. படி ஏறறப்பவும் இல்ல. தூக்கம் நல்லா இருக்கு, கால் வீக்கம் இல்ல, வேர்த்துக் கொட்டறது இல்ல.

ஏங்க சிரிக்கிறீங்க? ஓ, நீங்க கேக்காததுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேனா?

சரி, மறைச்சு என்ன ஆகப்போகுது. மூணு நாளா ஒத்திகைங்க. சமையக்கட்டுல அவரு டாக்டர், நான் நான்தான். நான் காய் நறுக்கிட்டு இருப்பேன், அவரு தொண்டையக் கனைச்சுக்கிட்டுக் கேள்வி கேப்பாரு. நான் ஒரு நொடி தயங்கினாலும் போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. நீங்க இவ்வளவு சின்னப் பொண்ணா இருப்பீங்கன்னு அவரு நினைக்கல, குரலை ரொம்பக் கட்டையா வச்சுக்கிட்டாரு.

அதுக்காக எல்லாமே பொய்யின்னு எடுத்துக்காதீங்க. நாலு மாசம் பாடுபட்டது நிஜம். அந்தப் பாலத்து மேட்டுல வயசுப் பசங்களே இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போறாங்க. இவரு பாதி வரைக்கும் உக்காந்தபடியே ஏறிடுவாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? அவரு சொல்லித்தான்.

இல்லங்க. நான் பார்த்தேன். பின்னாடியே போய்ப் பார்த்தேன்.

சிரிக்காதீங்க. எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டின சைக்கிள் பக்கத்து வீட்டுல சும்மா கிடந்துச்சு. நான் சைக்கிள் ஏறி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மத்தியானம் அவரு தூங்கறப்ப பின் சந்துல ஓட்டிப் பழகினேன். ரெண்டு தடவை விழுந்தேன். அலமாரியில இடிச்சுக்கிட்டேன்னு அவருக்குச் சொன்னேன், பார்த்து நடக்க மாட்டியான்னு அவரு எனக்குப் புத்தி சொன்னாரு. அந்தப் பொம்மை செய்யறதெல்லாம் நானும் செஞ்சேன். முட்டி ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருந்துச்சு, விடல. காலையில அவரு தெருமுனை திரும்பறதுக்காகக் காத்திருந்து, விளக்குப் போடாம பின்னாடியே கிளம்பிடுவேன். அவரு பின்சக்கரத்துக்கு மேல செவப்பா ஒரு கண்ணாடி தெருவிளக்கு வெளிச்சத்துல பளபளன்னு தெரியும், அதை மட்டும் பார்த்துக்கிட்டே மிதிப்பேன். திரும்பறப்ப மார்க்கெட் சந்துல புகுந்து குறுக்கு வழியா முன்னாடி வந்துடுவேன். அவரு உள்ள வர்றப்ப நான் அடுப்படியில நிப்பேன். என்னடி இப்படி மூச்சு வாங்குதேம்பாரு. தண்ணிக்குடம் தூக்கினேம்பேன்.

ஆமா, பாதி வரைக்கும்னுதான் சொன்னேன். கவனிச்சிட்டீங்களே.

பாதி மேட்டுல இறங்கிடுவாருங்க. சைக்கிளைப் பாலத்துக் கைப்பிடிச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு, சட்டைப் பையில கைவிட்டு எதையோ எடுத்து வாயில போடுவாரு. அப்புறம் ஆத்தை வேடிக்கை பார்க்கற மாதிரி குனிஞ்சு நிப்பாரு. அந்த இருட்டுல ஆத்துல என்ன தெரியும்? ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு ஏறிப் போயிடுவாரு. முதல் நாள் மிட்டாய்னு நினைச்சேன், சத்தியமா. ரெண்டாவது நாளும் அதே இடம். மூணாவது நாள் வீட்டுக்கு வந்து அலமாரியில தேடினேன். நாக்குக்கடியில வைக்கிற மாத்திரை. வலி வந்தா மட்டும் வைக்கணும், வச்சா உடனே இங்க ஓடி வரணும்னு சொல்லிக் குடுத்தீங்களே, அதேதான். ஆறு மாசத்துக்கு ஒரு பாட்டில் போதும்னு சொன்னீங்க. மூணாவது பாட்டில் ஓடிக்கிட்டு இருக்குங்க.

மூணே முக்காலுக்கு ஏன் எழுந்திருக்காருன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நாலு மணிக்கு எழுந்தாலே அவருக்குப் போதும். வலிக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கியிருக்காரு மனுஷன்.

அவருகிட்டயா? கேக்கலங்க. எப்படிக் கேக்கறது? நான் பின்னாடி வர்றது தெரிஞ்சா நிறுத்திடுவாருன்னா நினைக்கிறீங்க? வேற பாதையில போவாரு. அங்க விழுந்து கிடந்தா யாரு பார்க்கறது? அதனால வாயை மூடிக்கிட்டுப் பின்னாடியே போனேன். விழுந்தாத் தூக்க ஒரு ஆளாவது இருக்கட்டும்னு. அவரு ஆறு நிமிஷம் நிக்கிறப்ப நான் கீழ புளியமரத்துக்குப் பின்னாடி நிப்பேன். அந்த ஆறு நிமிஷமும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். எத்தனை நாள்? நாப்பது நாள் இருக்குமா? இருக்கும்.

பகல் வேலை இருக்குங்க. ஆபீஸ்ல உக்காந்து தண்ணி அளவு எழுதற வேலை, ஒம்பது மணிக்குப் போனாப் போதும், வாசல்லயே பஸ். மேலதிகாரி அவராவே வந்து சொன்னாரு. இவருக்கு அது அவமானம். நேத்து வந்தவனெல்லாம் வால்வு திறப்பான், நான் நாற்காலியத் தேய்க்கணுமாங்கறாரு. எனக்கும் அவரு முகம் வாடறதைப் பார்க்க மனசு வரல டாக்டரம்மா. இந்த வாசல்படி ஏறற வரைக்கும் நான் அவரு பக்கம்தான். சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்.

என்ன செய்ய, மெஷின் கண்டுபிடிச்சிடும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். வலிச்சா அதுலேயே கோடு மாறும்னு இவருதான் சொன்னாரு. சரி, அதுவே காட்டிக் குடுக்கட்டும், நான் எதுக்குன்னு இருந்துட்டேன்.

அது காட்டாதுங்க. கீழ படிக்கட்டுல, சட்டைப் பொத்தானைச் சரி பண்ற மாதிரி சுவத்துப் பக்கம் திரும்பினாரு. வாய் அசையறதைப் பார்த்துட்டேன். இன்னும் அரை மணி நேரத்துக்கு அவருக்கு வலி வராது. நீங்க எவ்வளவு இறுக்கி வச்சாலும் மிதிச்சுடுவாரு. இப்ப உள்ள மிதிக்கப் போறது அவரு இல்ல டாக்டரம்மா, அந்த மாத்திரை.

மெஷின் ரிப்பேருன்னு சொல்லுங்க. நாளைக்கு வரச் சொல்லுங்க. வந்ததும் பாட்டிலை நீங்களே வாங்கி வச்சுக்கிட்டு, ஒரு மணி நேரம் உக்கார வச்சுட்டு, பக்கத்துலயே நின்னு மிதிக்க விடுங்க. வேலை போனாப் போகட்டும், எனக்கு ஆள் வேணும்.

தோ, நர்ஸ் கூப்பிடறாங்க. போங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். இவ்வளவு நேரம் வெளியில என்ன பேச்சுன்னு கண்டிப்பாக் கேப்பாரு. உங்க சம்சாரம் உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாங்கன்னு சொல்லுங்க. அது ஒண்ணும் பொய் இல்லங்க.