தண்டவாள மணியும் ரோலண்ட் அமலநாதனும்

அவைத் தலைமையேற்று வீற்றிருக்கும், தோட்ட ஆபீஸ் கணக்கையெல்லாம் கட்டிக் காக்கும் பெரிய கிராணியார் சபாபதி ஐயா அவர்களே! ஆண்களுக்கு முன்னே வந்து இடம்பிடித்திருக்கும் அன்புத் தாய்மார்களே! செடெனாக் ரப்பர் தோட்டத்துப் பெரியோர்களே! கூலாயிலிருந்து ரயிலேறி வந்த நண்பர்களே! என் அணித் தோழர்களே! ஐயாசாமியின் கைகூப்பிய வணக்கம்!

புதுத் திடலைத் திறக்கிறோம். புல் இருக்கிறது, பந்து இருக்கிறது, பதினோரு பேர் இருக்கிறோம். தலைவன் எங்கே? மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, நம் ரயில் ஸ்டேஷன் கிளார்க் ரோலண்ட் அமலநாதன், அவரைத் தலைவராகக் கேட்கத்தான் மேடையேறினேன்.

யார் இந்த அமலநாதன்? கிரிக்கெட்டில் முதல் ஆளாய் இறங்கி, வெயில் சாயும்வரை அவுட் ஆகாமல் நின்றவர்! ஹாக்கியில் வலப்பக்கம் பாய்ந்தால் வளைத்துப் பிடிக்க ஆளில்லாதவர்! காசுக்கு ஆடினாரா? இல்லை! பேருக்கு ஆடினாரா? இல்லை! ஆசைக்கு ஆடினார் ஐயா, ஆசைக்கு ஆடினார்! ஜொகூர் மாநில அணியில் ஓர் இடம், அதுதான் அவர் கண்ட கனவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, சம்பள ஞாயிறு. வேலை இல்லாத நாள். இவருடைய நகரத்து கிளப்புக்கும் நம் தோட்டத்துக்கும் ஹாக்கி. ஜொகூர் அணிக்கு ஆள் எடுக்கும் துரைமார் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார்கள். ஆட்டம் சமநிலை. முடியப்போகிற நேரம். பந்து இவர் மட்டையில்!

அப்போது பார்த்து, ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை, விடுமுறை என்பதையே மறந்து, காவல்காரர் டங் டங் என்று அடித்துவிட்டார். பால் எடுக்கும் மணி! நாங்கள் என்ன செய்தோம்? மட்டையைப் போட்டுவிட்டு, வாளியைத் தேடி ரப்பர் மரங்களைப் பார்த்து ஓடினோம்! முதலில் ஓடியது கோல் காத்த வீரமுத்து. சிரிக்காதே அப்பா, உன்னைத்தான் சொல்கிறேன்! பழகிய கால், புத்தியைக் கேட்டுக்கொண்டா ஓடும்?

கோல் திறந்து கிடந்தது. கிளப் கேப்டன் கத்தினார்: "அடி லா ரோலண்ட், அடி!"

இவர் பந்தை மட்டையால் அமுக்கிக்கொண்டு நின்றார். "அவங்க திரும்பி வரட்டும் சார். ஆளில்லாத வீட்டுக்குள்ள நான் நுழைய மாட்டேன்."

அசடு வழியத் திரும்பினோம். ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் கோல் போட்டு ஜெயித்தது யார்? நாம்! தோற்றது யார்? இவர் ஒருவர்! கிளப் இவரை ஹாக்கியிலிருந்து நீக்கியது; கிரிக்கெட்டுக்கும் கூப்பிடவில்லை; ஜொகூர் அணியின் கதவும் சாத்திக்கொண்டது. இரண்டு வருடமாக, ஸ்டேஷன் வேலை முடிந்ததும் நம் வேலியைப் பிடித்தபடி நாம் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, தாய்மார்களே!

நேற்று கேட்டேன். "வேணாம் லா ஐயாசாமி, என் காலம் போச்சு" என்றார். முப்பத்தொரு வயதில் காலம் போய்விடுமா?

யாரம்மா அங்கே? அமலநாதனின் மனைவி வினிஃப்ரெட் அம்மாவா? உரக்கச் சொல்லுங்கள்! "போங்க, இன்னும் எத்தன நாளைக்கு வேலியப் பிடிச்சிக்கிட்டு நிப்பீங்க?" கேட்டீர்களா சபையோரே, வீட்டுத் தீர்ப்பே வந்துவிட்டது!

அமலநாதன் அவர்களே! ஜொகூர் அணியை எங்களால் தர முடியாது. தருவதற்கு எங்களிடம் இருப்பது இதுதான்: அந்த மணியை அடிக்கும் சுத்தியல்! பெரிய கிராணியாரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இனி ஹாக்கியோ கிரிக்கெட்டோ, ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் இது எங்கள் கேப்டனின் பையில் இருக்கும்.

எழுந்துவிட்டார்! வழி விடுங்கள், வழி விடுங்கள்! காது கொடுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். வாங்க கேப்டன், சுத்தியலப் பிடிங்க!