பலாக்காய்க் கறியும் பெர்மிட்டும்

கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டு அம்மா, “என் கறிதாங்க நம்ம வீட்டக் கெடுத்துச்சு” என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

மடியில் பிளான் சுருளோடு கணவர் சொன்னார்: “பழைய வீட்ட இடிச்சிட்டு தங்கச்சி வீட்டுல கெடக்குறோம். புது வீட்டு அடுப்படிக்கு இடைஞ்சலா நிக்கிற பலா மரத்த வெட்ட பெர்மிட் குடுக்க வந்த ஐயாவுக்கு, அந்த மரத்துக் காயவே சமைச்சுப் போடுவியா?”

“வந்தவரப் பட்டினியாவா அனுப்புறது?”

“ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுட்டு, ‘இந்த மரத்தையா வெட்டப் போறீங்க?’ன்னு கேட்டு, பெர்மிட் குடுக்காமலே போயிட்டாரே!”

“அதான் குசினியத் தள்ளிக் கட்டப் போறோமே. மரம் நிக்கட்டும்.”

“மாத்துன பிளானப் பார்க்க நாளைக்கு முனிசிபல்ல இருந்து வாராங்க.”

“அவங்களுக்கு என்ன சமைக்க?”

அவர் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“அதே கறிதான் புள்ள. இப்பதான் மரத்த வெட்டலையே!”