அழுங்கின் கவசமும் கடற்பசுவின் மூச்சும்

நடுவில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வலையிழுத்துக் காய்த்த கைகளோடு வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை மடியில் போட்டபடி வாசலோரம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நின்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கும் படகுக்கார அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"சத்தமா பேசும்மா, கடிச்சா தின்னுடுவோம்?" என்கிறார் ஐஸ் கடைப் பெரியப்பா. பேசுகிறேன் பெரியப்பா. பள்ளியைப் பாதியில் விட்டவள். மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

காட்டில் ஓர் உயிர், உடலெங்கும் செதில் போர்த்திய அழுங்கு. கடலில் ஓர் உயிர், கடற்பசு. அழுங்குக்குத் தூரத்துச் சொந்தம் நாயும் பூனையும். கடற்பசுவுக்குச் சொந்தம் யானை. அது எறும்பைத் தின்னும். இது கடற்புல்லை மேயும். ஆனால் இரண்டும் ஒற்றைக் குட்டி ஈன்று பாலூட்டும் தாய்கள். இரண்டும் அருகிவருகின்றன. ஏன்?

மரம் அறுக்கும் என் மாமா கண்ணால் கண்டது இது. ஆளரவம் கேட்டு ஓர் அழுங்கு பந்தாகச் சுருண்டது. சிறுத்தையின் பல்லுக்கும் திறக்காத பூட்டு! செதிலுக்காகப் பிடிக்க வந்தவன் பல்லையா காட்டினான்? சாக்கைக் காட்டினான். சுருண்டதை அப்படியே உள்ளே உருட்டினான். மாமா கூச்சல் போட, சாக்கை விட்டுவிட்டு ஓடினான். வெகுநேரம் கழித்து அது விரிந்தபோது, வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி.

போன மாதம் கடற்புல் திட்டில் போட்ட எங்கள் வலையில் கடற்பசுக் குட்டி ஒன்று சிக்கியது. அதன் துடுப்புக் கையில் வலை இறுகியிருந்தது. "இங்க அறுத்தா காயம் படும், கரைக்குப் போய் பிரிச்சு விடலாம். வெயில்ல காஞ்சிடப் போவுது, தண்ணிக்குள்ள தாழ்த்திக் கட்டுங்கடா" என்றார் என் அண்ணன். மீனை உயிரோடு கொண்டுவர நாம் செய்வது அதுதானே? கரைக்கு வந்து பார்த்தால் குட்டி அசையவில்லை. அது மீனில்லையே! நம்மைப் போல் மேலே வந்து மூச்சு வாங்கும் உயிர். அதைக் கொன்றது கோபமா? ஆசையா? இரக்கம், ஐயா, இரக்கம்! அண்ணா, தலை நிமிருங்கள். தெரியாமல் நடந்தது அது. தெரிந்த பிறகு என்ன செய்யப்போகிறோம்?

அதே புல்திட்டில் இன்னொரு தாயும் குட்டியும் மேய்கின்றன. நேற்றும் பார்த்தோம். அங்கே இனி வலை போடுவதா, வேண்டாமா? அதை முடிவெடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

"அப்போ பொழப்புக்கு எங்கம்மா போறது?" நியாயமான கேள்வி, சித்தப்பா. நாளை நாம் பிடிக்கும் இறால், குஞ்சாக வளர்வது எங்கே? அந்தப் புல்லில்தானே? கடல் முழுவதையுமா கேட்கிறேன்? ஒரே ஒரு திட்டு! அழுங்குக்குச் சுருளத்தான் தெரியும். கடற்பசுவுக்கு மூச்செடுக்க மேலே வரத்தான் தெரியும். விலகிப் போக நம்மால் மட்டுமே முடியும்!

வலையை விலக்கச் சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கூப்பிய கைகளை மட்டும், உங்கள் கைகள் உயர்ந்த பிறகே இறக்குவேன்.

வணக்கம்.